மொத்தம் இருப்பதே 272 வெற்றிதான்: என்எஃப்எல் சீசனைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் அட்டவணை வெளியானதும் கணிப்புகள் கிளம்பிவிடும். ஒவ்வொரு வருஷமும் புதிதாக வருகிறவர்கள் முன்னால் வந்தவர்கள் சறுக்கிய அதே இடத்தில் சறுக்குகிறார்கள். சொந்த அணிமேல் உள்ள பாசம் கண்ணை மறைக்கும், பிடிக்காத அணியைக் குறைத்துப் போடத் தோன்றும் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடலாம். செய்கிறவருக்குத் தவறு என்றே தோன்றாதவை வேறு சில இருக்கின்றன. அவற்றில் முதலாவது மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதைவிடப் பெரியது.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ‘வெற்றி’, ‘தோல்வி’ என்று குறித்துக் கூட்டுவது

பெரும்பாலானோர் இப்படித்தான் செய்கிறார்கள். அணியின் 17 ஆட்டங்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் யார் ஜெயிப்பார்கள் என்று யோசித்து, ஜெயிக்கும் என்று பட்டால் ஒரு டிக். கடைசியில் டிக்குகளை எண்ணினால் 14–3, அதாவது 14 வெற்றி, 3 தோல்வி. ஒவ்வொரு வரியும் நியாயமாகத்தான் தெரியும். கூட்டிய முறைதான் தவறு.

ஒரு நல்ல அணியை எடுத்துக்கொள்வோம். அதன் 17 ஆட்டங்களில் 4 ஆட்டங்களில் வெற்றி வாய்ப்பு 80 சதவீதம், 5 ஆட்டங்களில் 65, இன்னும் 5 ஆட்டங்களில் 55, மீதி 3 ஆட்டங்களில் 40. டிக் போடுகிறவர் 50க்கு மேலே உள்ள 14 ஆட்டங்களையும் முழு வெற்றியாக எழுதிவிடுவார். வாய்ப்புகளைக் கூட்டினால் என்ன வரும்? 3.2, 3.25, 2.75, 1.2. மொத்தம் 10.4. அதே அணி, அதே எதிரிகள், அதே மதிப்பீடு. மூன்றரை வெற்றிகளுக்கு மேல் வித்தியாசம். 55 சதவீதம் என்பது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி தோற்கக்கூடிய ஆட்டம். அப்படி ஐந்து ஆட்டங்களை ஐந்து வெற்றியாக எழுதும்போதே கணக்கு கெட்டுவிடுகிறது.

இந்த அணி 10 தடவையில் சுமார் 7 தடவை 9 முதல் 12 வெற்றிக்குள் முடிக்கும். 14 அல்லது அதற்கு மேல் எட்டுவதற்கு ஏறக்குறைய 20இல் ஒரு வாய்ப்புதான். தாளில் முதல் எண்ணாக 14–3 என்று எழுதுகிறவர் அந்த ஒன்றை நடக்கப்போவதாக எடுத்துக்கொள்கிறார்.

இதற்கு வழக்கமாக வரும் பதில்: “வருஷா வருஷம் யாராவது 15–2 முடிக்கிறார்களே?” முடிக்கிறார்கள். 2024இல் டெட்ராய்ட் லயன்ஸும் கான்சஸ் சிட்டி சீஃப்ஸும் 15–2. வைக்கிங்ஸும் ஈகிள்ஸும் 14–3. அடியில் டைட்டன்ஸ், பிரவுன்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ் மூன்றும் 3–14. ஆனால் எந்த அணிக்கு அது அமையும் என்பது செப்டம்பரில் யாருக்கும் தெரியாது. சீசன் முடிவில் எண்கள் 3 முதல் 15 வரை விரிந்து கிடக்கும். சரியான முன்கணிப்பு அதைவிடக் குறுகியதாக, ஏறத்தாழ 5 முதல் 12 வரைக்குள் அடங்கியிருக்க வேண்டும். கணிப்பில் 15–2 தெரிகிறது என்றால் அதிர்ஷ்டத்தையும் சேர்த்தே கணித்துவிட்டதாக அர்த்தம். சீசன் முழுக்கத் தோற்காமல் 17–0 என்று முடித்த அணி, 17 ஆட்டங்கள் வந்த 2021க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அதற்கு முன் 16–0 முடித்தது 2007 பேட்ரியாட்ஸ் மட்டும்தான். அந்த அணியும் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் 17–14 என்று ஜயன்ட்ஸிடம் தோற்றது.

சொந்த அணியை மட்டும் கணிக்கிறவர்களுக்கு இன்னொரு வினை. 32 அணிகள், ஆளுக்கு 17 ஆட்டங்கள் என்றால் மொத்தம் 272 ஆட்டங்கள். டை ஆனால் இருவருக்கும் அரை வெற்றி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் இருப்பது 272 வெற்றிதான். சராசரி அணிக்கு 8.5. ஒரு அணிக்கு ஒரு வெற்றி எழுதினால் இன்னொரு அணிக்கு ஒரு தோல்வி எழுதியாக வேண்டும். ஒரே டிவிஷனில் (நான்கு அணிகள் கொண்ட குழு) நான்கு அணிகளுக்கும் 11–6 எழுதிவிட்டு, அவர்களுக்குள்ளேயே 12 ஆட்டங்கள் நடக்கின்றன, அதில் 12 தோல்விகளும் விழும் என்பதை மறந்துபோனவர்கள் ஏராளம்.

சரியான முறை இது. முதலில் 32 அணிகளுக்கும் ஒரு மதிப்பெண் கொடுங்கள்: சராசரி அணியோடு பொது மைதானத்தில் ஆடினால் எத்தனை புள்ளி வித்தியாசம் வரும் என்பதுதான் அந்த எண். மிகச் சிறந்த அணிக்கு +6, மிக மோசமான அணிக்கு −6 என்ற அளவில் இருக்கட்டும். 32 எண்களின் கூட்டுத்தொகை பூஜ்ஜியம் வர வேண்டும். வராவிட்டால் எல்லோரையும் சமமாக ஏற்றவோ இறக்கவோ செய்யுங்கள். அடுத்து, ஆட்டத்துக்கு ஆட்டம் இரு அணிகளின் வித்தியாசத்தை எடுத்து, சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்கு 2 புள்ளி சேர்க்கவும். புள்ளிக்கு 3 சதவீதம் என்று 50உடன் கூட்டவும். +5 அணி வெளியூர் போய் −1 அணியோடு ஆடுகிறது என்றால் வித்தியாசம் 6, மைதானத்துக்கு 2 கழித்தால் 4; வெற்றி வாய்ப்பு 62 சதவீதம். எவ்வளவு பெரிய வித்தியாசம் வந்தாலும் 85ஐத் தாண்ட விடாதீர்கள். பிறகு வாய்ப்புகளைக் கூட்டுங்கள். 32 அணிகளின் கூட்டுத்தொகை 272 வராவிட்டால் எங்கோ ஓர் ஆட்டத்தை இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள், அல்லது விட்டுவிட்டீர்கள்.

ஒரு மாலை நேரம் போதும். ஸ்ப்ரெட்ஷீட் இருந்தால் இன்னும் சுலபம். இவ்வளவு எளிய வழி இருந்தும் டிக் போட்டு எண்ணுவது தொடர்வதைத்தான் சகிக்க முடியவில்லை.

போன சீசனின் வெற்றி எண்ணிக்கையை அப்படியே நம்புவது

2022 மினசோட்டா வைக்கிங்ஸை இன்னமும் உதாரணமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 13–4. ஆனால் போட்ட புள்ளிகள் 424, விட்ட புள்ளிகள் 427. எட்டுப் புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களில் 11–0. கோல்ட்ஸுக்கு எதிராக 33–0 என்று பின்தங்கி, ஓவர்டைமில் 39–36 என்று ஜெயித்த ஆட்டமும் அதில் ஒன்று. ரசிகருக்கு அது மறக்க முடியாத நாள், கணிப்பவருக்கு எச்சரிக்கை. பிளேஆஃபின் (சீசனுக்குப் பிறகு வரும் நாக்அவுட் சுற்று) முதல் ஆட்டத்திலேயே, சொந்த மைதானத்தில், ஜயன்ட்ஸிடம் 31–24 என்று தோற்றார்கள். 2023இன் முதல் மூன்று ஆட்டங்களில் தோல்வி: 3 புள்ளி, 6 புள்ளி, 4 புள்ளி. போன வருஷம் அவர்கள் பக்கம் விழுந்த அதே வகை ஆட்டங்கள். எட்டாவது வாரத்தில் அவர்களின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) கர்க் கசின்ஸுக்கு அக்கிலீஸ் தசைநார் அறுந்தது. அதோடு சீசன் 7–10இல் போய் நின்றது.

நெருக்கமான ஆட்டங்களை ஜெயிப்பது வருஷத்துக்கு வருஷம் தொடர்ந்து வரும் திறமை அல்ல. அதனால் வெற்றி எண்ணிக்கைக்குப் பதில் புள்ளிகளைப் பாருங்கள். போட்ட புள்ளிகளை 2.37 அடுக்குக்கு உயர்த்தி, அதைப் போட்டது, விட்டது இரண்டின் அதே அடுக்குகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அணிக்குத் தகுந்த வெற்றி விகிதம் கிடைக்கும். 17ஆல் பெருக்கினால் வைக்கிங்ஸுக்கு வருவது 8.4 வெற்றி. 2024 சீஃப்ஸ் 385 போட்டு 326 விட்டார்கள், கணக்குப்படி 10.2, உண்மையில் 15. அடுத்த சீசனில் அவர்கள் பிளேஆஃபுக்கே போகவில்லை. எதிர்த்திசையிலும் இது வேலை செய்யும்: 2021 பஃபலோ பில்ஸ் 483–289 என்ற புள்ளிக் கணக்கோடு 11–6 மட்டுமே முடித்தார்கள். தகுதி 13. மறு வருஷம் 13–3.

எந்தக் கணக்கும் போட நேரமில்லை என்றால் குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள்: போன வருஷ வெற்றிக்கும் 8.5க்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 15 வெற்றி பெற்ற அணிக்கு 10.7, 3 வெற்றி பெற்ற அணிக்கு 6.7. பலரின் யோசனைமிக்க கணிப்பைவிட இது சரியாக இருக்கும்.

டர்ன்ஓவரை (பந்து எதிரணிக்குக் கைமாறுவது) நிலையான திறமையாகக் கொள்வது

டாலஸின் ட்ரெவான் டிக்ஸ் 2021இல் 11 இண்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது); 2022இல் 3. ஆட்டக்காரர் அவர்தான், அணியும் அதுதான். ஃபம்பிளில், அதாவது கைநழுவி, தரையில் உருளும் பந்து யார் கைக்குப் போகும் என்பது பாதிக்குப் பாதி. டர்ன்ஓவர் கணக்கில் போன வருஷம் உச்சியில் இருந்த அணியை ஒரு படி இறக்குங்கள், அடியில் இருந்ததை ஒரு படி ஏற்றுங்கள்.

ப்ரீசீசன் ஆட்டங்களை (சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள்) நம்புவது

2008 லயன்ஸ் ப்ரீசீசனில் 4–0, சீசனில் 0–16. 2017 பிரவுன்ஸும் அப்படியே.

அட்டவணை லேசா, கடினமா என்பதைப் போன வருஷக் கணக்கில் அளப்பது

“கடைசி இடம் பிடித்ததால் லேசான அட்டவணை” என்று ஒரு பேச்சு எப்போதும் இருக்கும். 17 ஆட்டங்கள் எப்படி அமைகின்றன என்று பாருங்கள். டிவிஷனுக்குள் 6. அதே கான்ஃபரன்ஸில் (லீக்கின் இரு பாதிகளில் ஒன்று) சுழற்சி முறையில் வரும் ஒரு டிவிஷனோடு 4. எதிர் கான்ஃபரன்ஸின் ஒரு டிவிஷனோடு 4. இந்த 14 ஆட்டங்களுக்கும் நீங்கள் எந்த இடத்தில் முடித்தீர்கள் என்பதற்கும் சம்பந்தமே கிடையாது. மீதி 3 ஆட்டங்கள்தான் அதே இடத்தில் முடித்த அணிகளோடு.

அந்த மூன்றிலும் எதிரி போன வருஷம் போலவே இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் 2022இல் 3–13–1 (கடைசி எண் டை). 2023க்கான தாள்களில் ஹூஸ்டன் என்று வந்த இடமெல்லாம் சுலப வெற்றி. புது குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட் வந்தார், 10–7, டிவிஷனில் முதலிடம். வாஷிங்டன் 2023இல் 4–13, குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் வந்த 2024இல் 12–5. 1990 முதல் ஒவ்வொரு சீசனிலும் முந்தைய வருஷம் பிளேஆஃபில் இல்லாத குறைந்தது 4 அணிகள் உள்ளே வந்திருக்கின்றன. ஆகவே எதிரிகளின் பலத்தை நீங்கள் இந்த வருஷத்துக்குக் கொடுத்த மதிப்பெண்ணை வைத்தே அளக்க வேண்டும்.

மைதானத்தையும் சரிபாருங்கள். 17 ஒற்றைப்படை என்பதால் ஒரு கான்ஃபரன்ஸுக்கு 9 சொந்த மைதான ஆட்டங்கள், மற்றதற்கு 8. வருஷத்துக்கு வருஷம் மாறும். 2024இல் சாவோ பாலோவில் நடந்த பேக்கர்ஸ் ஆட்டம் பேப்பரில் ஈகிள்ஸின் சொந்த மைதான ஆட்டம். பிரேசிலில் நடப்பதற்கு 2 புள்ளி சேர்க்கக் கூடாது.

காயத்துக்கு இடமே விடாதது

2023 ஜெட்ஸ் கணிப்புகள் எல்லாம் குவார்ட்டர்பேக் ஏரன் ராட்ஜர்ஸ் மேல் கட்டப்பட்டவை. அவர் ஆடியது 4 ஸ்னாப் (தனித்தனி ஆட்ட நகர்வு) மட்டும். அணி 7–10. அதே வருஷம் பிரவுன்ஸ் ஐந்து குவார்ட்டர்பேக்குகளை இறக்கி 11–6 முடித்தது. யாருக்கு அடிபடும் என்று கணிக்க முடியாது. ஆனால் யாருக்காவது அடிபடும் என்பதைக் கணக்கில் சேர்க்க முடியும். முதல் குவார்ட்டர்பேக்கோடு அணி +4, மாற்று ஆளோடு −2 என்று மதிப்பிட்டால், 14 ஆட்டம் இவர், 3 ஆட்டம் அவர் என்று சராசரி எடுங்கள். அணியின் மதிப்பெண் +3 என்று வரும். அந்த எண்ணைத்தான் சீசன் முழுவதற்கும் பயன்படுத்த வேண்டும். மாற்று ஆளின் பெயரே தெரியாமல் ஓர் அணியைக் கணிக்காதீர்கள்.

18ஆம் வாரம் (சீசனின் கடைசி வாரம்)

2025 ஜனவரி 5: முதல் சீட் (பிளேஆஃப் வரிசையில் முதலிடம்) உறுதியாகிவிட்ட சீஃப்ஸ் முக்கிய ஆட்டக்காரர்களை உட்கார வைத்து டென்வரிடம் 38–0 என்று தோற்றார்கள், அந்த வெற்றியில்தான் டென்வர் பிளேஆஃபுக்குள் வந்தது. முன்னணி அணிகளுக்குக் கடைசி வாரத்தில் 50 சதவீதத்துக்கு மேல் எழுதாதீர்கள்.

வெற்றி எண்ணிக்கையை வைத்து நேராக சீட் போடுவது

டிவிஷன் ஜெயித்தவர்களுக்கே முதல் நான்கு சீட். 2024இல் 14–3 வைக்கிங்ஸ் ஐந்தாவது சீட். 10–7 ராம்ஸை எதிரணியின் விருந்தாளியாகச் சந்தித்து 27–9 என்று தோற்றார்கள். 2022இல் 8–9 பக்கனியர்ஸ் டிவிஷனை ஜெயித்து 12–5 டாலஸைத் தங்கள் ஊருக்கு வரவழைத்தார்கள். சமநிலை வந்தால் டிவிஷனுக்குள் வரிசை: நேருக்கு நேர், டிவிஷன் ஆட்டங்கள், பொது எதிரிகள், கான்ஃபரன்ஸ். வைல்டு கார்டுக்கு (டிவிஷன் ஜெயிக்காத அணிகளுக்கான பிளேஆஃப் இடம்) நேருக்கு நேர் முடிந்ததும் கான்ஃபரன்ஸ் கணக்குதான் முதலில் வரும். அதனால் எதிர் கான்ஃபரன்ஸோடு உள்ள 5 ஆட்டங்களில் கிடைக்கும் வெற்றிக்கு மதிப்பு கொஞ்சம் குறைவு.

கணித்துவிட்டு சரிபார்க்காமல் விடுவது

தொடக்க ஆட்டத்துக்கு முந்தைய நாளோடு தாளை மூடிவிடுங்கள். பிறகு ஓர் எண்ணையும் மாற்றாதீர்கள். ஜனவரியில் அணிக்கு அணி, கணித்த வெற்றிக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிட்டு, 32ஆல் வகுக்கவும். பிறகு மேலே சொன்ன மூன்றில் ஒரு பங்கு சூத்திரத்துக்கும் அதே கணக்கைப் போடவும். உங்கள் எண் அதைவிடப் பெரிதாக இருந்தால் எந்த நான்கைந்து அணிகளில் அதிகம் தவறியது என்று பாருங்கள். ஒரே பக்கமாகத் தவறியிருந்தால் மதிப்பெண் கொடுத்ததில் பிழை. இரண்டு பக்கமும் தவறி, உயரத்தில் போட்டவர்கள் இறங்கியும் கீழே போட்டவர்கள் ஏறியும் இருந்தால், உங்கள் +6, −6 அளவை +4, −4 என்று சுருக்கி அதே சீசனை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.