லிமிட் ஹோல்டெம்: ஃபிளாப்புக்கு முன் வரும் ரெய்ஸுக்கு எப்போது கால் செய்யலாம்?

லிமிட் ஹோல்டெம் என்பது பந்தயத் தொகை வரையறுக்கப்பட்ட போக்கர் சீட்டாட்டம். பிளைண்ட் (சீட்டு வருமுன்பே இருவர் போடும் கட்டாயப் பந்தயம்), பட்டன் (சீட்டுப் போடுபவரின் இடத்தைக் காட்டும் அடையாளம்) ஆகியவற்றை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரெய்ஸ் என்பது பந்தயத்தை உயர்த்துவது, கால் என்பது அதற்குச் சமமாகப் பணம் போடுவது, ஃபிளாப் என்பது மேசையில் விரிக்கப்படும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள். எடுத்துக்காட்டுகள் 4-8 டாலர் மேசைக்குரியவை. அங்கே பிளைண்டுகள் 2, 4 டாலர், முதல் ரெய்ஸ் 8 டாலர்.

முதலில் விலையைக் கணக்கிடுங்கள். ஒருவர் ரெய்ஸ் செய்து மற்றவர்கள் விலகினால் பாட், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயப் பணம், 14 டாலராக இருக்கும். பெரிய பிளைண்டில் இருப்பவர் 4 டாலர் சேர்த்தால் போதும் என்பதால் 22 சதவீத வெற்றிவாய்ப்பே ஏறத்தாழ ஈடாகிவிடும். ஃபிளாப்புக்குப் பின் ரெய்ஸ் செய்தவருக்கு முன்பாகப் பேச வேண்டியிருப்பதாலும் மேசைக் கட்டணம் கழிவதாலும் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பிளைண்ட் போடாதவர் 8 டாலர் முழுவதையும் போட வேண்டும். அவருக்கு 36 சதவீதம் தேவை.

அடுத்து, ரெய்ஸ் செய்தவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்று பாருங்கள். நான் பல மாதங்கள் பணம் இழந்தது இந்தப் படியில்தான். முதல் இருக்கையிலிருந்து நிதானமான ஒருவர் ரெய்ஸ் செய்யும்போது, படச்சீட்டின் அழகில் மயங்கி கிங்-ஜாக்குடன் கால் செய்துகொண்டிருந்தேன். அவரிடம் ஏஸ்-கிங் இருந்தால் எனக்குக் கிங் விழுந்தாலும் தோல்விதான். மொத்த வாய்ப்பு ஏறத்தாழ கால்வாசி. ஒரே சின்னத்து 9-8 அதே ஏஸ்-கிங்கை ஏறத்தாழ 40 சதவீதம் வெல்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்த அன்றுதான் எனக்குக் கண் திறந்தது. இப்போது பிளைண்டுக்கு வெளியே, இடையில் வேறு யாரும் சேராதபோது, மீண்டும் ரெய்ஸ் செய்யத் தகுந்த கை (எனக்கு வந்த இரு சீட்டுகள்) இல்லையென்றால் விலகிவிடுகிறேன்.

சிறு ஜோடிகளுக்குக் கூட்டம் வேண்டும். ஃபிளாப்பில் ஜோடியின் அதே மதிப்பில் மூன்றாவது சீட்டு விழுவது ஏறத்தாழ எட்டரை முறைக்கு ஒருமுறைதான். பந்தயத் தொகை வரையறுக்கப்பட்ட ஆட்டத்தில் தனியொருவரிடமிருந்து அந்த இழப்பை மீட்க முடியாது. ஏற்கெனவே மூவர், நால்வர் சேர்ந்திருந்தால் கால் செய்யலாம்.

கைப்பேசியில் சுற்றும் ஆயத்த அட்டவணைகளை நான் நம்புவதில்லை. ஈக்விலாப் என்ற இலவச மென்பொருளில் எதிராளியிடம் இருக்கக்கூடிய கைகளின் தொகுப்பை நீங்களே இட்டுப் பார்ப்பது நல்லது.

பின்சேர்க்கை: பெரிய பிளைண்டில் இருந்தபடி, ரெய்ஸும் மறு ரெய்ஸும் வந்த பிறகு இந்தக் கணக்கின்படி கால் செய்து நட்டப்பட்டதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அங்கே போட வேண்டியது 8 டாலர், பாட் 26 டாலர். விலை மலிவாகத் தோன்றினாலும், முதலில் ரெய்ஸ் செய்தவர் இன்னொரு முறை உயர்த்தலாம், இருவரிடமும் வலுவான கைகள் இருக்கவும் கூடும். அந்த இடத்தில் 9-8ஐயும் நான் எறிந்துவிடுவேன்.