நட்டது எத்தனை, நிற்பது எத்தனை? சுரங்க நிலத்தில் பசுமையை அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், ஆரல்வாய்மொழிப் பக்கம் மூடப்பட்ட ஒரு கல்குவாரியில் சென்ற மாதம் நான்கு மாணவர்களோடு நின்றிருந்தேன். அங்கே நட்டிருந்த கன்றுகளை ஒரு மணி நேரத்தில் எண்ணி முடித்துவிட்டு, "தொண்ணூறு சதவீதம் பிழைத்திருக்கிறது சார்" என்றார் ஒருவர். முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு குவாரியில் ஏறக்குறைய இதே எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். இரண்டு கோடை கழித்து அங்கே போனபோது பாதிக்கு மேல் விறகாகியிருந்தது.

நாடாவைத் தவறாகப் படிப்பது, புங்கத்தை வேறு பெயரில் குறிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒரு வாரத்தில் தாமாகவே திருந்திவிடும்.

பாடுவாசிக் கன்றைப் பழைய கன்றோடு சேர்த்து எண்ணுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். நட்ட கன்று பட்டுப்போனால் அதே குழியில் புதுக் கன்று வைப்பார்கள், அதுதான் பாடுவாசி. அதில் தவறில்லை, வைக்கத்தான் வேண்டும். கணக்கில்தான் கோளாறு வருகிறது.

ஆயிரம் கன்று நட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் 400 பட்டுப்போகின்றன, 400 புதிதாக வைக்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் 300 போகின்றன, மீண்டும் 300 வைக்கிறார்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் நாம் போய் எண்ணினால் 900 நிற்கின்றன. ஆயிரம் குழியில் 900 என்றால் 90 சதவீதம் என்று எழுதிவிடுகிறோம். ஆனால் அந்த மண்ணுக்குள் போனவை 1,700 கன்றுகள். 1,700-இல் 900 என்றால் 53 சதவீதம்தான். அந்த 900-இலும் எத்தனை மூன்று கோடை கண்டவை, எத்தனை போன மழையில் வைத்தவை என்று கேட்டால் பதில் கிடையாது. குழியை எண்ணியிருக்கிறோம், கன்றை எண்ணவில்லை.

நான் கையெழுத்திட்ட குவாரியில் நடந்ததும் இதுதான். எண்ணப் போவதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஒப்பந்ததாரர் காலிக் குழிகளை நிரப்பியிருக்கிறார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போதாததற்கு வாரம் இரண்டு முறை டேங்கர் லாரியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கற்பொடியில் வளர்ந்த கன்றுக்கு அந்த லாரிதான் வேர். பராமரிப்புக் காலம் முடிந்தது, லாரி நின்றது. பிறகு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்கு என்ன மிஞ்சும்? என் அறிக்கையை நம்பி விடுவித்த பணம் போனது போனதுதான். கன்று வைத்த பெண்களில் ஒருவர் மட்டும் அன்றே சொன்னார்: "தண்ணி நிறுத்தின பிறகு வந்து எண்ணுங்க சார்." நான் சிரித்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டு நடவுக்கும் ஒரு நிறத்தில் அட்டை கட்டுகிறேன். மாதிரித் திட்டில், அதாவது அளப்பதற்கென்று தேர்ந்தெடுத்த சிறு பரப்பில், உள்ள ஒவ்வொரு கன்றுக்கும் எண் உண்டு. அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறினால் எழுத்து அழியாது. இரும்புத் தகடு வேண்டாம், குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக் காற்று அதை ஒரு மழைக்காலத்தில் தின்றுவிடும். கம்பியைத் தளர்வாகக் கட்டுங்கள். தண்டு பருக்கும்போது இறுக்கிக் கட்டிய கம்பியே மரத்தை நெரித்துவிடும். நானே அப்படிச் சிலவற்றைக் கொன்றிருக்கிறேன். நாற்றங்காலிலிருந்து கன்று வந்த ரசீதுகளையும் வாங்கிப் பாருங்கள், எத்தனை முறை வந்தது என்று அவை சொல்லிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் நின்று ஒரு முழுக் கோடை தாண்டாமல் "பிழைத்தது" என்ற சொல்லை எழுதாதீர்கள்.

மழை முடிந்த கையோடு அளப்பது

நமக்கு இரண்டு மழை. இடவப்பாதியில் (ஜூன் வாக்கில்) ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. டிசம்பரில் போனால் கருங்கல் ஜல்லியிலும் பசுமை தெரியும். அது ஓராண்டுப் புல், மார்ச்சில் காய்ந்துவிடும். மார்ச்சிலும் போங்கள்.

பொருந்தாத காட்டோடு ஒப்பிடுவது

மாவட்டம் சிறியது, ஆனால் பேச்சிப்பாறையின் மழை வேறு, ஆரல்வாய்மொழியின் மழை வேறு. மேற்கே உள்ள ஈரக் காட்டை அளவுகோலாக வைத்தால் கிழக்கே எந்தக் குவாரியும் தேறாது. அருகிலேயே, அதே பாறையில், வெட்டுப்படாத சரிவைத் தேடுங்கள்.

கடற்கரையில் தவறு எதிர்த் திசையில் நடக்கிறது. மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட்டும் மோனசைட்டும் கிடைப்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கனிமம் பிரித்த மணலைக் குழியில் திரும்பக் கொட்டினால் பார்வைக்கு அது கடற்கரை மணல்தான். மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைக்காவிட்டால் அதிலிருந்த விதையும் மட்கும் திரும்பி வராது. அங்கே சவுக்குத் தோப்பை வைத்து வெற்றியை அளப்பது எளிது, ஏனென்றால் சவுக்கு எப்படியும் வளரும். ஒப்பிட வேண்டியது அடும்புக்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்த மணல்மேட்டோடு.

உயரத்தில் மயங்குவது

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்ததற்கு மறுநாள் எந்தத் தோப்பிலாவது நின்றிருந்தால் உயரத்தைப் பற்றிப் பேசமாட்டீர்கள். மரத்தடியில் குனிந்து, தானாக முளைத்த கன்று இருக்கிறதா என்று பாருங்கள். நட்டவை விதை போட்டு, அந்த விதை முளைத்திருந்தால் எனக்கு அது பத்து மீட்டர் மரத்தைவிடப் பெரிய செய்தி. சவுக்குச் சருகு மெத்தையாகக் கிடக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒன்றும் முளைத்திருக்காது.

புல்லை விட்டுவிடுவது

2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சுரங்கப் பணி முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்ப்பதைக் குத்தகை நிபந்தனையாகவே சேர்க்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் மரத்தை மட்டும் எண்ணித் திரும்புகிறவர்கள் உண்டு. ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் எவ்வளவு பங்கைச் செடி மூடியிருக்கிறது என்று இரண்டு பேர் தனித்தனியாகக் குறியுங்கள். இனவாரியாக எழுதுங்கள். மொத்தப் பசுமை என்று ஒரே எண்ணாக எழுதினால் ஆடு கடிக்காத உண்ணிச்செடியும் அதில் சேர்ந்துகொள்ளும்.

சதுரச் சட்டத்தைக் கால் போன இடத்தில் வைப்பது

கால் எப்போதும் நிழலுக்குத்தான் போகும். வீட்டிலேயே சீட்டுக் குலுக்கி இடத்தைக் குறித்துக்கொண்டு போங்கள்.

செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்புவது

சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். பக்கத்துத் தென்னந்தோப்பு அதற்குள் விழுந்தால் உங்கள் வெறும் மணலும் பச்சைதான்.

புகைப்படம்

அதே இடம், அதே திசை, அதே மாதம். நிற்கும் இடத்தில் ஒரு கருங்கல்லை நட்டு வையுங்கள், மரக்குச்சியை யாராவது விறகுக்கு எடுத்துப் போய்விடுவார்கள்.