தெருக் கதையைச் சுவரில் ஏற்றும் முறை

மதுரை வெயிலில் சுவர்ச் சித்திரம் சில வருஷங்களில் வெளுத்துவிடும். பதிவு செய்த பேச்சு வெளுக்காது. அதனால் தூரிகையைத் தொடும் முன், தெருப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுப் பதிவதற்கென்று ஒரு மாதமாவது ஒதுக்குங்கள்.

"உங்க தெருவோட கதையைச் சொல்லுங்க" என்றால் பெரியவர்கள் ஒன்று மௌனமாகிவிடுவார்கள், இல்லை திருவிளையாடலில் ஆரம்பித்துவிடுவார்கள். "இந்த செல்போன் கடை இருக்கிற இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு பெரியம்மா?" என்று கேளுங்கள். குழாயடிச் சண்டை, செல்லூர்த் தறிச் சத்தம், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்ட திண்ணை, அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வீட்டுக் காவலுக்கு இருந்தவர் எல்லாம் தானாக வரும். வருஷம் மட்டும் வராது. 1981-ல் மதுரையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டுக்கு முன்னாலா, பின்னாலா? 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தபோது இது இருந்ததா? இப்படி நெருக்கினால் கிட்டத்தட்டப் பிடித்துவிடலாம்.

போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, பேசுபவரிடமிருந்து ஒரு முழத்தில் துணிமேல் வையுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். பெயர், தெரு, தேதி ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இருவர் வேறுவேறாகச் சொன்னால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்; பஞ்சாயத்து நம் வேலை இல்லை. சொத்துத் தகராறும் சாதிச் சண்டையும் பதிவில் கிடக்கட்டும், சுவருக்கு வர வேண்டாம். முகங்களையும் தவிர்ப்பது நல்லது: ஒருவர் முகம் வந்தால் அடுத்த வீட்டுக்காரர் முகம் ஏன் இல்லை என்பார்கள். திண்ணை, அடிகுழாய், தறி என்று பொருளை வரையுங்கள்.

சுவர்க்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். புதுச் சிமென்ட் பூச்சு 28 நாள் காய வேண்டும். பழைய சுவரில் இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் துளிர்த்தால் வேறு சுவர் பாருங்கள். ஈரம் உப்பாகப் பூத்துப் பெயிண்டைத் தள்ளிவிடும். சுண்ணாம்பு அடித்திருந்தால் பூச்சு தெரியும்வரை சுரண்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) பட்டை பட்டையாக உரியும்.

பத்தடிக்கு எட்டடிச் சுவருக்கு எக்ஸ்டீரியர் பிரைமர் (வெளிச்சுவருக்கான அடிப்பூச்சு) ஒரு லிட்டர், வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு லிட்டர் போதும். நிறத்துக்கு ஸ்டெய்னர் (பெயிண்டில் கலக்கும் அடர் சாயம்), லிட்டருக்கு 30 மில்லியைத் தாண்டினால் பிசுபிசுக்கும், மழையில் வழியும். அடர் நிறங்களைக் கடையிலேயே கலந்து வாங்குங்கள். ரோஸும் வயலெட்டும் சீக்கிரம் வெளுக்கும், காவி நிற்கும். மாதிரியைத் தாளில் 20 செ.மீ. அகலம், 16 செ.மீ. உயரத்தில் வரைந்து 2 செ.மீ. கட்டம் போட்டால், சுவரில் ஒவ்வொரு கட்டமும் ஓரடி. பென்சில் கோடு போதும். கரிக்கோடு வெளிர் நிறத்தோடு கலந்து அழுக்காக்கும்.

தை, மாசி ஏற்ற மாதங்கள். சித்திரையில் தூரிகையிலேயே பெயிண்ட் காய்ந்து திட்டுத்திட்டாகும். வேறு வழியில்லை என்றால் காலை பத்துக்குள் முடியுங்கள். கீழே இரண்டடிக்குக் காவிப் பட்டை மட்டும் அடியுங்கள், சேறு தெறிக்கும், பைக் சாய்ப்பார்கள். எழுத்து இரண்டு அங்குலத்துக்குக் குறைந்தால் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். பென்சிலில் எழுதியதுமே தெருக்காரர் ஒருவரை எதிர்ச்சாரியில் நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள்.

பதிவின் நகல் ஒன்றைப் பென் டிரைவில் போட்டுச் சொன்னவர் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள்.