அமெரிக்க ரயில் எஞ்சினை யார் செய்தது என்று கண்டுபிடிப்பது எப்படி: திருகோணமலை ஸ்டேசனில் இருந்தே தொடங்கலாம்

அமெரிக்க எஞ்சின்களின் வரலாற்றைப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் பெயரும் ஆண்டுமாக மனப்பாடம் செய்யத் தொடங்கி, இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். அது வேண்டாம், முதலில் காதைப் பழக்குங்கள். கோச்சி வரும் நேரம் ஸ்டேசனுக்குப் போங்கள், மேடையிலேயே நில்லுங்கள், தண்டவாளத்தில் இறங்க வேண்டாம்.

எஞ்சினில் எழுதியிருக்கும் வகுப்பைப் பாருங்கள். எம்4 என்றால் 1975இல் கனடாவின் மொன்றியலில் செய்தது, எம்8 என்றால் 1990களில் வாரணாசியில் செய்தது. ஊர் வேறு வேறு, ஆனால் உள்ளே இருக்கும் டீசல் இயந்திரம் ஒரே குடும்பம், நியூயோர்க் மாநிலத்து ஆல்கோ கம்பனி வடிவமைத்த 251. ஆல்கோ 1969இல் எஞ்சின் கட்டுவதை நிறுத்திவிட்டது, அதன் இயந்திரமோ இன்னும் இங்கே பெட்டிகளை இழுக்கிறது. எனக்கு இதைவிட ஆச்சரியமான விஷயம் இந்த வரலாற்றில் இல்லை.

ஆல்கோவை அடையாளம் காண்பது சுலபம். சும்மா நிற்கும்போது ஒரு சீராக இல்லாமல் விட்டுவிட்டு அடிக்கும், புறப்படும்போது கரும்புகை தள்ளும். சாரதி வேகத்தைக் கூட்டியதும் எரிபொருள் உடனே கூடிவிடும், ஆனால் காற்றை உள்ளே தள்ளும் டர்போ வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அந்த இடைவெளியில் முழுதாக எரியாத எரிபொருள்தான் அப்படிப் புகையாக வருகிறது.

எம்2 வேறு ஆள். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்தது, 1954இல் வரத் தொடங்கியது, ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று அந்நாட்டு மாகாணப் பெயர்கள் கூட உண்டு. வடிவமைப்பு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி. அதன் 567 இயந்திரம் இரண்டு வீச்சு வகை, ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 567 கன அங்குலம், பெயரும் அதிலிருந்துதான் வந்தது. காற்று தள்ளும் ஊதி இயந்திரத்தோடேயே சுழல்வதால் ஆல்கோ அளவுக்குப் புகைக்காது, ஒரே சீராக முனகிக்கொண்டிருக்கும். தம்பலகாமத்து வயல் பக்கம் நின்றால், காற்று நம் பக்கம் வீசும்போது, எஞ்சின் கண்ணில் படும் முன்பே எது என்று சொல்லிவிடலாம். இதே 567 குடும்பத்தோடு 1939இல் வந்த எஃப்டி என்ற எஞ்சின்தான் அமெரிக்காவில் நீராவிக்கு விடை கொடுக்கத் தொடங்கியது.

சரி, நீராவி எஞ்சின்களைப் படத்தில்தானே பார்க்கப் போகிறோம். அங்கே சில்லுகளை எண்ணுங்கள்: முன்னால் உள்ள சிறியவை, நடுவில் இழுக்கும் பெரியவை, பின்னால் உள்ளவை. பக்கவாட்டுப் படத்தில் பாதிதான் தெரியும், இரண்டால் பெருக்க மறக்காதீர்கள். 4-4-0 என்றால் அதற்குப் பெயரே 'அமெரிக்கன்'. அங்கே அந்தக் காலத்தில் செலவைக் குறைத்து, வளைவும் மேடுபள்ளமுமாகப் பாதை போட்டார்கள். முன்னால் தனியே திரும்பும் சிறு சில்லுகள் எஞ்சினுக்கு வழிகாட்டின. அமெரிக்கப் பொறியியலாளர் ஜோன் ஜெர்விஸ் 1832இல் செய்துகாட்டியது அது. 2-8-2 'மிக்காடோ', 1897இல் போல்ட்வின் கம்பனி ஜப்பானுக்குச் செய்து அனுப்பியதால் வந்த பெயர். 4-8-8-4 என்றால் (இழுக்கும் சில்லுகள் இரண்டு தொகுதி என்பதால் நான்கு எண்கள்) 'பிக் போய்', ஆல்கோ 1941 முதல் 1944 வரை செய்த 25 மட்டும்தான்.

அப்புறம், எஞ்சினில் பதித்திருக்கும், செய்த கம்பனியின் பெயர்த் தகடு. வட்டமாக இருந்தால் பெரும்பாலும் பிலடெல்பியாவின் போல்ட்வின், 1831இல் தொடங்கி 70,000க்கு மேல் கட்டியவர்கள். சாய்சதுரம் என்றால் ஒஹாயோவின் லீமா. செவ்வகம் என்றால் ஆல்கோவாக இருக்கலாம், ஆனால் அங்கே நிறுத்தாமல் ஊர்ப்பெயரையும் வாசியுங்கள், ஏனென்றால் 1901இல் எட்டுத் தொழிற்சாலைகள் சேர்ந்துதான் ஆல்கோ ஆனது; ஸ்கெனெக்டடி என்று இருக்கலாம், ரிச்மண்ட் என்றும் இருக்கலாம். தொடர் இலக்கத்தைக் குறித்துக்கொண்டால் அந்த ஒரு எஞ்சினின் கதையைத் தனியாகத் தேடலாம்.

அடுத்த முறை ஸ்டேசனுக்குப் போகும்போது எஞ்சின் புறப்படும் அரை நிமிடத்தை போனில் பதிவு செய்யுங்கள், வகுப்பையும் இலக்கத்தையும் அதோடு எழுதி வையுங்கள். எம்4 ஒன்றும் எம்2 ஒன்றும் கிடைத்தால் போதும், இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்.