அம்மம்மாவின் கல்வெட்டை இணையத்தில் ஏற்றியபோது

2009 இறுதிப்போர் இடப்பெயர்வில் எங்களோடு வந்த ஒரே புத்தகம் அம்மம்மாவின் கல்வெட்டு. செத்தவீட்டுக்குப் பிறகு அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைத்தான் கல்வெட்டு என்போம். அவரைச் சுனாமி கொண்டுபோனது, முல்லைத்தீவுக் கரையில்.

உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால் இப்போதே ஏற்றிவிடுங்கள். பிறகு பார்ப்போம் என்று வைத்தால் கறையான் தின்றுவிடும்.

முதலில் தாள்களைச் சேர்த்துக் குத்திய துருப்பிடித்த கம்பியை இழுக்காதீர்கள், தாள் கிழியும். கத்தியின் மொட்டைப் பக்கத்தால் மெதுவாக நிமிர்த்தி எடுங்கள். ஸ்கானர் இருந்தால் 300 டிபிஐ, படமுள்ள பக்கத்துக்கு 600. இல்லையா, விறாந்தை வெளிச்சத்தில் பிளாஷ் போடாமல் நேர்மேலிருந்து போனில் எடுத்தாலே போதும். அச்சகத்தின் பெயர் உள்ள அட்டையையும் விடாதீர்கள்.

அடுத்தது திதி வெண்பா, அதாவது இறந்த நாளைச் சொல்லும் பாட்டு. இதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். ஆண்டின் பெயர், மாதம், திதி எல்லாம் அதற்குள் இருக்கும். ஆனால் ஆண்டுப் பெயர் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். அம்மம்மாவுக்குத் தாரண வருடம், மார்கழி, பூரணை. தாரண 1944 ஆகவும் இருக்கலாம், 2004 ஆகவும் இருக்கலாம். சுனாமி என்றபடியால் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை: 2004.12.26. மற்றவர்கள் வீட்டில் மூத்தவர் ஒருவரைக் கேட்டு, வெண்பாவுக்குக் கீழே ஆங்கிலத் திகதியையும் எழுதுங்கள்.

அப்புறம், படத்தை மட்டும் போட்டால் தேடுபவருக்கு அகப்படாது. பெயர்களையும் ஊர்களையும் தட்டச்சுச் செய்யுங்கள். அச்சகத்தில் பழைய கோப்பு கிடைத்தாலும் பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றித்தான் ஒட்டவேண்டும். உயிரோடு இருப்பவர்களின் விலாசம், போன் நம்பரை மறைத்துவிடுங்கள்.

கடைசிப் பக்கத்து வம்சாவளியில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். 2005இல் அச்சடித்தபோது பேரப்பிள்ளைகள் வரிசையில் சித்தியின் மகனும் இருந்தான். 2009க்குப் பிறகு அவனைக் காணவில்லை. யாரோ உறவினர் அவன் படத்துக்கு விளக்கு வைத்து, ஆத்மா சாந்தியடையட்டும் என்று பேஸ்புக்கில் போட்டுவிட்டார். சித்தி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அப்படிப்பட்ட பிள்ளைக்கு இறந்த திகதி போடாதீர்கள். என்ன எழுதலாம் என்று தாயிடம் கேளுங்கள். சித்தி சொன்னபடியே எழுதினோம்: "கடைசியாகக் கண்டது 2009 மே, வட்டுவாகல் பாலத்தடி. நீலச் சேட்டு."