95, 100 ஆக்டேன் பெட்ரோல் தினசரி காருக்குத் தேவையா? மூடியைத் திறந்து பாருங்கள்

பங்கில் வண்டியை நிறுத்தியதும் "நார்மலா, ப்ரீமியமா சார்?" என்று கேட்பார்கள். அதற்கான பதில் காரிலேயே எழுதியிருக்கிறது. பெட்ரோல் ஊற்றும் வாயின் கதவைத் திறந்தால் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அது உரிந்து போயிருந்தால் ஓனர்ஸ் மேனுவலில் எரிபொருள் பகுதியைப் பாருங்கள். "ஆர்ஓஎன் 91 அல்லது அதற்கு மேல்" என்றிருந்தால் (ஆர்ஓஎன் என்பது ஆக்டேன் எண்ணை அளக்கும் ஒரு முறை) சாதா பெட்ரோல் போதும், மேலே படிக்காமலே பணத்தை மிச்சம் பிடிக்கலாம். "95, குறைந்தபட்சம் 91" என்றிருந்தால் 91-லும் கெடாமல் ஓடும். ஆனால் கம்பெனி விளம்பரத்தில் சொன்ன முழு பவர் 95-ல்தான் வரும். "குறைந்தபட்சம் 95" என்றிருந்தால் அதற்குக் கீழே இறங்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்க வீடியோக்களில் 87, 89, 93 என்று சொல்வது வேறு கணக்கு. ஆர்ஓஎன், எம்ஓஎன் என்ற இரண்டு சோதனை எண்களின் சராசரியை அங்கே போர்டில் எழுதுகிறார்கள். அவர்களுடைய 87 ஏறக்குறைய நம்முடைய 91. இலங்கையில் விற்கும் 92, 95, மலேசியாவில் விற்கும் 95, 97 எல்லாம் ஆர்ஓஎன்தான். அவற்றை நம் எண்களோடு நேரடியாக ஒப்பிடலாம்.

ஆக்டேன் எண் அளப்பது பெட்ரோலின் பொறுமையை. ஐசோ-ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எந்த அழுத்தத்தில் தட்டுமோ, அதே அழுத்தத்தில் தட்டும் பெட்ரோலுக்கு 91 என்று பெயர். ஒரு லிட்டரில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை.

தட்டுவது என்றால் என்ன? பிளக் பொறி விட்டதும் தீ ஒரு மூலையிலிருந்து சீராகப் பரவி பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டும். தீ போய்ச் சேருவதற்குள், கடைசி ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை சூடு தாங்காமல் தானாகவே வெடித்தால் அதுதான் நாக்கிங். விடாமல் தொடர்ந்தால் பிஸ்டன் ரிங் இருக்கும் வரப்பு உடையும், ஹெட் கேஸ்கட் போகும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இதற்குக் காவல் கிடையாது. இன்றைய கார்களில் என்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய நாக் சென்சார் இருக்கிறது. அதிர்வைக் கேட்டதும் என்ஜினை ஆளும் கணினியான ஈசியு பொறி விடும் நேரத்தைக் கொஞ்சம் பின்தள்ளும், சத்தம் நின்றதும் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். பின்தள்ளும் ஒவ்வொரு டிகிரிக்கும் இழுவை குறையும், மைலேஜ் குறையும்.

கூடுதல் ஆக்டேன் பலன் தருவது இந்த ஒரு இடத்தில்தான். ஈசியு பின்தள்ளிக்கொண்டே இருந்த வண்டியில் 95 ஊற்றினால், தள்ளிய நேரம் திரும்பக் கிடைக்கும். 91-க்கே டியூன் செய்து, அதில் தட்டாமல் ஓடும் என்ஜினில் திரும்பப் பெற எதுவுமில்லை. 100 ஊற்றினாலும் ஈசியுவில் பதிந்த பொறி நேர அட்டவணை (மேப்) அதற்கு மேல் போகாது. டர்போ இல்லாத 1.0, 1.2 லிட்டர் குடும்பக் கார்களில் பெரும்பாலானவை இந்த ரகம். கம்ப்ரஷன் (கலவையை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்ற விகிதம்) 12:1 இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். மாருதியின் கே12என் என்ஜின் அந்த விகிதத்திலேயே சாதா பெட்ரோலில் ஓடும்படி செய்யப்பட்டது. டர்போ பெட்ரோல் என்ஜின், அதிலும் பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்றால் கதை வேறு. மே மாத வெயில், ஏசி, நான்கு பேர், பின்னால் பெட்டி, எதிரே மலையேற்றம் என்று எல்லாம் ஒன்றுசேரும்போது 95-க்கும் 91-க்கும் வித்தியாசம் காலுக்குத் தெரியும். ஒரு வேடிக்கை: மேலே போகப் போகக் காற்று மெலிவதால் டர்போ இல்லாத வண்டி ஊட்டியின் 2,200 மீட்டர் உயரத்தில் தட்டுவது குறைவு. கஷ்டம் மேட்டுப்பாளையத்தில் ஏற ஆரம்பிக்கும் இடத்தில்தான்.

இப்போது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்த பிறகு இந்தக் கேள்வியின் பாதி கரைந்துவிட்டது. எத்தனாலின் சொந்த ஆக்டேன் எண் 108 அளவில் இருப்பதால், 20 சதவீதம் கலந்ததும் சாதா பெட்ரோலே 95 ஆர்ஓஎன்னைத் தொடுகிறது என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. அப்படியானால் '95' என்று தனிப் போர்டு வைத்த பெட்ரோலில் ஆக்டேனுக்காக நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கழுவும் ரசாயனம்தான். இ20-ல் மைலேஜ் குறைகிறது என்ற புலம்பலுக்கும் ஆக்டேன் காரணமில்லை. எத்தனாலில் ஒரு லிட்டருக்குள்ள சக்தி பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இ10-க்கு டியூன் செய்த பழைய நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் வரை இழப்பு இருக்கலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 திட்ட அறிக்கையே மதிப்பிட்டது. பிரீமியம் என்றாலே எத்தனால் இல்லாதது என்று நினைத்து வாங்காதீர்கள். ஊற்றுவதற்கு முன் பங்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கழுவும் ரசாயனம் வீண் என்று சொல்லவில்லை. இன்ஜெக்டர் நுனியில் படியும் பிசினை அது கரைக்கும். வால்வுக்கு முன்பே பெட்ரோலைத் தெளிக்கும் சாதாரண போர்ட் இன்ஜெக்‌ஷனில் இன்டேக் வால்வின் முதுகிலும் பெட்ரோல் படுவதால் அங்கேயும் வேலை செய்யும். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் வால்வைத் தொடவே தொடாது. அங்கே படிந்த கரியைப் பிரீமியம் பெட்ரோல் எடுக்காது, கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு ஐந்தாறு டேங்குக்கு ஒருமுறை ஊற்றினால் தாராளம்.

இனி காசு. கணக்குக்காகச் சாதா லிட்டர் 101 ரூபாய், பிரீமியம் 109, நூறு ஆக்டேன் 160 என்று வைப்போம். உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 16 கிலோமீட்டர் தரும் கார் பிரீமியத்தில் 17.3 தந்தால்தான் கட்டுப்படி ஆகும். நூறு ஆக்டேனில் 25.3 தர வேண்டும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் பிரீமியத்தின் கூடுதல் செலவு 500 ரூபாய், வருடத்துக்கு 6,000. அந்தக் காசில் நான்கு டயரையும் சரியான காற்றழுத்தத்தில் வைத்து, ஏர் ஃபில்டர் மாற்றி, வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிடலாம், மீதியும் இருக்கும்.

உங்கள் வண்டியிலேயே சோதித்துப் பார்க்க

ஒரே டேங்க் ஊற்றிவிட்டு "பிக்கப் சூப்பர்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. டேங்கில் 10 லிட்டர் 91 மீதமிருக்க 25 லிட்டர் 95 ஊற்றினால் கிடைப்பது 93.9 மட்டுமே. அதனால் முதல் டேங்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதே பங்க், முடிந்தால் அதே பம்ப், காலை நேரம், ஆட்டோ கட் ஆனதும் நிறுத்தம். அதற்கு மேல் ரவுண்டாக்க விடாதீர்கள். கிலோமீட்டரையும் லிட்டரையும் எழுதி, சாதாவில் மூன்று டேங்க், பிரீமியத்தில் மூன்று டேங்க் ஓட்டுங்கள். டேஷ்போர்டில் காட்டும் மைலேஜை நம்ப வேண்டாம். மூன்று டேங்குகளுக்குள்ளேயே ஒரு கிலோமீட்டர் ஏறி இறங்கினால், இரண்டு பெட்ரோலுக்கும் இடையே வரும் அரை கிலோமீட்டர் வித்தியாசத்துக்கு மதிப்பில்லை.

இன்னும் துல்லியம் வேண்டுமா? ஈசியுவின் தகவலைப் படிக்கும் மலிவான ப்ளூடூத் ஓபிடி ரீடரைச் செருகி, ஃபோன் ஆப்பில் டைமிங் அட்வான்ஸ் (பொறி எத்தனை டிகிரி முன்னதாக விடுகிறது) எண்ணைத் திறந்து வையுங்கள். அதே மேம்பாலம், அதே கியர், அதே வேகம், ஏசி ஓடும் நிலையில், இரண்டு பெட்ரோலிலும் ஏறுங்கள். எண்ணைப் பக்கத்தில் இருப்பவர் படிக்கட்டும். எண் மாறவில்லை என்றால் உங்கள் என்ஜினுக்குக் கூடுதல் ஆக்டேன் தெரியவே இல்லை.

தட்டும் சத்தம் கேட்டால்

என்ஜின் நன்றாகச் சூடானதும், கண்ணாடியை இறக்கி, ஒரு காம்பவுண்ட் சுவரை ஒட்டி ஏறும் சாலையில் மூன்றாம் கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்சிலரேட்டரைப் பாதி அழுத்தி ஏற்றுங்கள். சுவரில் பட்டு சத்தம் திரும்பி வரும். டப்பாவில் நாலு ஆணியைப் போட்டுக் குலுக்குவது போலக் கிணுகிணுவென்று கேட்டு, காலை எடுத்ததும் நின்றால் அது நாக்கிங். ஐடிலிலும் கேட்டுக்கொண்டே இருந்தால் டாப்பெட் அல்லது இன்ஜெக்டர். ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் தகரம் அதிர்ந்தால் சைலன்சர் ஹீட் ஷீல்டின் போல்ட் தளர்ந்திருக்கும்.

நாக்கிங்தான் என்றாலும் உடனே 100 ஊற்றாதீர்கள், நோய் மறைந்துகொள்ளும். முதலில் கியரைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். பாதிப் புகார் அங்கேயே தீரும். அடுத்து கூலன்ட் அளவு, ரேடியேட்டர் ஃபேன். பிறகு பிளக்: மேனுவலில் சொன்ன வெப்ப எண்ணுக்குப் பதில் வேறு ஏதோ மாட்டியிருந்தால் நுனி செக்கச் சிவந்து தானே பற்றவைக்கும். 80,000 கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் பிஸ்டன் தலையில் படிந்த கரி இடத்தை அடைத்துக் கம்ப்ரஷனைக் கூட்டியிருக்கலாம். செக் என்ஜின் விளக்கு எரிந்து பி0325 கோடு வந்தால் நாக் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு. சென்சாரை மாற்றும் முன் அதன் ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். புது பங்கில் நிரப்பிய மறுநாளே ஆரம்பித்திருந்தால் பெட்ரோலைச் சந்தேகப்படலாம். மண்ணெண்ணெய் கலப்படம் ஆக்டேனைச் சட்டென்று இறக்கிவிடும். ஃபில்டர் பேப்பர் சோதனை, டென்சிட்டி சோதனை இரண்டையும் கேட்பது உங்கள் உரிமை.

டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியில் குறைந்த ஆர்பிஎம்மில் முழுதாக மிதிக்கும்போது சுத்தியலால் ஓங்கி அடித்தது போல ஒரே ஒரு 'டங்' கேட்டால், அது வேறு வகை. பொறி விடுவதற்கு முன்பே தீப்பற்றும் அந்தக் கோளாறுக்கு ஆக்டேனைவிட என்ஜின் ஆயில் முக்கியம். ஏபிஐ எஸ்பி தர ஆயிலுக்கு மாற்றி, 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே டாப் கியரில் மிதிப்பதை நிறுத்துங்கள்.

பாட்டிலில் விற்கும் ஆக்டேன் பூஸ்டரில் "10 பாயிண்ட் கூடும்" என்று அச்சிட்டிருந்தால், அந்தக் கணக்கில் பத்து பாயிண்ட் என்பது ஒரே ஒரு ஆக்டேன். 91 என்பது 92 ஆகும், 101 ஆகாது. மாங்கனீசு, இரும்புச் சேர்மங்கள் உள்ளவை பிளக் நுனியில் செங்கல் நிறத்தில் படிந்து மிஸ்ஃபயர் கொடுக்கும்.

95 கட்டாயமான வண்டியில் தெரியாமல் 91 நிரப்பிவிட்டால் டேங்கை இறக்க வேண்டியதில்லை. 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் போகாமல், முழுதாக மிதிக்காமல், பாதி டேங்க் வரும்வரை ஓட்டுங்கள். மீதி 20 லிட்டரோடு 20 லிட்டர் நூறு ஆக்டேன் சேர்த்தால் 95.5 ஆகிவிடும்.