1 தெசலோனிக்கேயர் நிருபத்தை முதன்முறையாக வாசிப்பது எப்படி?

தேவையானவை: தமிழ் வேதாகமம், பென்சில், ஒரு தாள், ஒரு மணி நேரம். பவுல் தெசலோனிக்கே சபைக்கு எழுதிய இந்த நிருபம் மொத்தம் 5 அதிகாரம், 89 வசனம்தான். விளக்கவுரை இருந்தால் இப்போதைக்கு மூடியே இருக்கட்டும்.

படி 1: நிறுத்தாமல், சத்தமாக வாசியுங்கள். சபையில் கூடியவர்கள் காதால் கேட்ட கடிதம் இது. எல்லாச் சகோதரருக்கும் வாசித்துக் காட்டும்படி 5:27இல் பவுல் ஆணையே இடுகிறார். அதிகார எண்கள் 13ஆம் நூற்றாண்டில்தான் வந்தன. 4:18ஓடு மூடிவைத்தால் 5:1 அதே பேச்சின் தொடர்ச்சி என்பது தெரியாமலே போகும்.

படி 2: பின்னணிக்கு அப்போஸ்தலர் 17:1–15, 18:1–17. மக்கெதோனியாவின் தலைநகரான தெசலோனிக்கேயில் கலகம் மூள, பவுலையும் சீலாவையும் இரவோடு இரவாகப் பெரோயாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு பவுல் அத்தேனேயிலிருந்து தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவை அனுப்பி விசாரிக்கிறார் (1 தெச. 3:1–2). அவர் நல்ல செய்தியோடு திரும்பியதும் (3:6) இந்தக் கடிதம். கொரிந்துவில், ஏறக்குறைய கி.பி. 50–51இல் எழுதியது என்பதே பரவலான கருத்து. அப்போஸ்தலர் 18:12இல் வரும் ரோம ஆளுநர் கல்லியோனின் பதவிக்காலத்தை டெல்பியில் கிடைத்த கல்வெட்டு காட்டுவதால்தான் இவ்வளவு நெருக்கமாகக் கணிக்க முடிகிறது.

படி 3: நன்றி சொல்லும் இடங்களைக் கோடிடுங்கள்: 1:2, 2:13, 3:9. அறிவுரை 4:1இல்தான் தொடங்குகிறது. கலாத்தியருக்கு எழுதும்போது பவுல் நன்றியே சொல்லாமல் கண்டிக்கத் தொடங்கிவிடுவார், ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 4: தெசலோனிக்கே சபையாரின் கவலையை ஊகியுங்கள். போனில் ஒருவர் பேசுவது மட்டும் நம் காதில் விழுவது மாதிரிதான் இது. 4:9, 4:13, 5:1 மூன்றும் புதுப்பேச்சு தொடங்கும் இடங்கள். மூலமொழியான கிரேக்கத்தில் மூன்றிலும் ‘பெரி’ (‘பற்றி’) என்ற ஒரே சொல். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இரண்டு இடத்தில் ‘குறித்து’, நடுவில் ‘நிமித்தம்’. ‘குறித்து’ என்று மட்டும் தேடினால் முக்கியமானதே தப்பிவிடும். 4:13–18ஐ வைத்துப் பார்த்தால், கர்த்தராகிய இயேசு மீண்டும் வருமுன்பே இறந்தவர்களின் கதி என்ன என்று சபை கலங்கியிருக்கிறது. ‘நித்திரையடைந்தவர்கள்’ என்றால் இறந்தவர்கள். தூங்குபவர்கள் என்று எடுத்துக்கொண்டால் பகுதியே குழம்பும்.

படி 5: 4:17இல் அவசரப்படாதீர்கள். புதியவர்கள் ‘மேகங்கள்’ என்ற சொல்லிலேயே நின்றுவிடுவார்கள். ‘எதிர்கொண்டுபோக’ என்பதைக் கவனியுங்கள். ஊருக்கு வரும் பெரிய மனிதரை எல்லைவரை போய் அழைத்துவரும் வழக்கத்துக்கும் அந்தக் கிரேக்கச் சொல் வழங்கியது. பவுல் மனதில் அந்தக் காட்சியே இருந்தது என்பார் பலர், மறுப்பவர்களும் உண்டு. இரு தரப்பும் ஏற்பது 4:18: ‘ஒருவரையொருவர் தேற்றுங்கள்.’ துக்கவீட்டுக்குச் சொன்ன பதில் இது. கால அட்டவணை தேடினால் 5:1–2 கையை விரித்துவிடும்.

இனி விளக்கவுரையைத் திறக்கலாம்.